நான்கு பேர் படுக்கும் வேன்

அப்பா எங்கள் வேனின் பின்சீட்டுகளைக் கழற்றியபோது ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்து மொத்தத்துக்கும் ஒரே கருத்துதான்: மனுஷனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் பிழைக்கிற வண்டி அது. கோடை விடுமுறையில் சும்மா நிற்பதை, கூடவே அடுப்பு கொண்டுபோய் உள்ளேயே படுத்துத் தூங்குகிற வண்டியாக மாற்றப் போகிறாராம். ஆனேக்கல் தாண்டி ஒரு சிநேகிதரின் மாந்தோப்பில் இரண்டு நாள். அம்மா, அப்பா, தம்பி, நான். அவ்வளவுதான்.

அந்த ‘அவ்வளவுதான்’ எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டே அறை இருந்த வீட்டில் பெரியப்பா, பெரியம்மா, அவர்கள் மகளான அக்கா, சித்தப்பா, நாங்கள் நால்வர் என்று எட்டுப் பேர் இருந்தோம். அக்கா இல்லாமல் நான் கடைக்குக்கூடப் போனதில்லை. அவள் வராத மாந்தோப்பு எனக்கு எதற்கு?

சீட்டு இருந்த இடத்தில் இரண்டு தகரப் பெட்டிகளை வைத்து, மேலே பலகை போட்டு மெத்தை விரித்தார் அப்பா. பெட்டிக்குள் அரிசி, பாத்திரம். கொசுவலை மாட்ட வண்டியில் ஓட்டை போட்டால் மழைத் தண்ணீர் இறங்கும். அதனால் சண்டே பஜாரில் உடைந்த ஸ்பீக்கர்களை வாங்கிவந்து காந்தங்களை உடைத்தெடுத்தார். அம்மா அந்தத் துண்டுகளை வலையின் ஓரத்தில் மடித்துத் தைத்தாள். ஜன்னல் தகரத்தில் வைத்தால் டப்பென்று ஒட்டிக்கொண்டது.

கூரைமேல் நீளமான கறுப்பு பிளாஸ்டிக் பைப்பின் இரு முனைகளையும் அடைத்துக் கட்டி, ஒரு முனையில் திருகுக் குழாய் வைத்தார். வெயிலில் தண்ணீர் தானே சூடாகிவிடும் என்று அப்பாவுக்கு ஒரே பெருமை. திறந்தால் கொஞ்சம் கக்கிவிட்டு நின்றுபோயிற்று.

“மேல காத்து போக வழி எங்க? எண்ணெய் டின்னுக்கு ரெண்டு ஓட்டை போடறோமே, தெரியாதா?” என்றாள் அம்மா.

அப்பா அசடு வழிந்துகொண்டே மறுமுனையில் துளை போட்டார். அடுப்பும் அவள் சொன்னதுதான்: திரி ஸ்டவ் காற்றில் அணைந்துவிடும், பம்ப் ஸ்டவ்தான் வேண்டும், அதையும் வண்டிக்கு வெளியேதான் பற்றவைக்க வேண்டும். அம்மா இவ்வளவு பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

சித்தப்பா வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். “இன்னாண்ணா, சீட்டைத் திரும்ப மாட்டுனா எட்டு பேரும் ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கினு போலாமே?”

“போல்ட்டெல்லாம் துருப்புடிச்சிருச்சுடா. வெட்டித்தான் எடுத்தேன். ஸ்கூல் தொறக்கறப்ப புதுசு வாங்கணும்” என்றார் அப்பா, தலையைத் தூக்காமல்.

சுத்தப் பொய்! போல்ட்டுகள் எண்ணெய் பூசி பிஸ்கட் டப்பாவில் இருந்தன. கிளம்புவதற்கு முந்தைய நாள் சாயங்காலம் அந்த டப்பாவை நடு வீட்டில் கொண்டுவந்து கவிழ்த்தேன். “துருவே இல்ல! எல்லாரும் போலாம்!”

அக்கா குதித்தாள். சித்தப்பா உடனே பை தேட ஆரம்பித்துவிட்டார். அப்பாவின் முகம் தொங்கிப்போயிற்று. அம்மா திரும்பி உலை வைத்தாள். வருகிறேன் என்றவரை வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

பெரியம்மாதான் வாயைத் திறந்தாள். “ஐயோ, எனக்கு வேன்ல ஏறுனாலே வாந்தி வரும்பா. நான் வரல. நான் வரலன்னா அவரும் வரமாட்டாரு, பொண்ணையும் உடமாட்டேன்.” பிறகு சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டாள். “நீயும் போய்ட்டா நாலு மணிக்கு எழுந்து என்கூட யாருடா தண்ணி புடிக்கறது?”

திருப்பதிக்கு லாரியில் வேர்க்கடலை தின்றுகொண்டே போய்வந்தவள் பெரியம்மா. அதையும் சபையில் எடுத்துச் சொன்னேன். “வாய மூடுடி” என்று தலையில் நறுக்கென்று ஒரு குட்டு விழுந்தது. அக்கா அழுதாள். பெரியம்மாவைப் போல ஒரு ராட்சசி உலகத்திலேயே கிடையாது என்று முடிவு கட்டினேன்.

அக்கா இல்லாத குறை தவிர, மாந்தோப்பு நன்றாகத்தான் இருந்தது. பைப் தண்ணீர் நிஜமாகவே சூடாக வந்தது. மறுநாள் காலையில் கண் விழித்தால் மெத்தைமேல் வெயில், பக்கத்தில் அம்மா தூங்கிக்கொண்டிருக்கிறாள். நான் படுக்கும்போது அம்மா பாத்திரம் துலக்குவாள். எழும்போது தண்ணீர் பிடித்து முடித்திருப்பாள். அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. காய்ச்சலோ என்று உலுக்கப் போனேன். வெளியே ஸ்டவ்வுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த அப்பா ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

“எழுப்பாத. தூங்கட்டும்.”

அப்பாவே காபி போட்டார். வாயில் வைக்க முடியவில்லை. அம்மா எட்டு மணிக்கு எழுந்து அதைக் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டாள்.

வீடு திரும்பியதும் பெரியம்மா என்னை ஓரமாக இழுத்துப்போனாள். சித்தப்பா இரண்டு நாளும் எழுந்திருக்கவே இல்லையாம். எல்லாக் குடத்தையும் தனியாகத் தூக்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

“உங்கம்மா நல்லா தூங்குனாளாடி?”

கோள் சொல்லக் கிடைத்த சந்தோஷத்தில், “எட்டு மணி வரைக்கும்! அப்பாதான் காபி போட்டாரு!” என்றேன். அம்மாவுக்கு நல்ல திட்டு விழப்போகிறது என்று காத்திருந்தேன்.

“எட்டு மணியா?” என்று இன்னொரு தடவை கேட்டாள் பெரியம்மா. கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். ஏன் திட்டவில்லை என்பது எனக்கு விளங்கவே இல்லை. அந்தக் கோபத்தில் அன்று முழுக்க அவளோடு பேசவும் இல்லை.