எடுத்ததும் கேட்கும் ரீங்காரம்

2021 டிசம்பர் 7, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு ஐம்பது. மூடுபனி. ஜமுனாமரத்தூரில் நான் நடத்தும் விடுதியின் ஒன்பது அறைகளில் நான்குதான் கண்ணுக்குத் தெரிந்தன. மற்ற ஐந்தும் இன்னும் கட்டப்படாதவை போல இருந்தன.

முந்தின நாள் என் மனைவி கட்டிலிலிருந்து சரிந்து விழுந்து, நான் மதியம் சாப்பிடப் போகும்வரை தரையிலேயே கிடந்திருக்கிறாள். விடுதிக்குப் பின்னால்தான் வீடு, அறுபத்திரண்டு தப்படி. ஆனாலும் அவள் குரல் என் மேசைக்கு எட்டாது. பக்கவாதம் வந்த பிறகு ஒரு கையால் ரிசீவரை எடுக்க முடியும். எண்ணை அழுத்த விரல் நிற்காது.

திருப்பத்தூரில் இருக்கும் இன்டர்காம் மெக்கானிக் செல்போனில் வழி சொன்னார். "வூட்டு லைனு சாதா வகையில இருக்குது சார். ஹாட்லைனா மாத்திடுங்க. அம்மா எடுத்தா போதும், உங்க டேபிள்ல அடிக்கும்."

அதற்கு மேசை போனில் வரிசையாகப் பதினோரு பொத்தான்கள். நான்கு முறை தப்பாக அழுத்தினேன். ஐந்தாம் முறை இன்டர்காம் பெட்டி ஏற்றுக்கொண்டது.

சற்று நேரத்தில் மேசை போன் அடிக்கத் தொடங்கி, பாதியிலேயே நின்றது. மறுபடி அடித்து நின்றது. பனிக்குள் ஓடினேன்.

"ஏங்க, போன் செத்துக் கெடக்குது. சத்தமே இல்ல."

"காதுல வச்சிக்கினே இரு. நான் எடுப்பேன்."

"செத்த போன்ல யார்கிட்ட பேசறது? உங்களுக்கு வேற வேல இல்ல."

அவளைக் குறை சொல்ல முடியாது. மலையில் ஒரு மழை பெய்தால் மாதக்கணக்கில் போன் செத்துக் கிடந்த காலம் எங்களுடையது. எடுப்போம், ரீங்காரம் இல்லையென்றால் உடனே வைத்துவிடுவோம். அந்தப் பழக்கம் அவள் கையில் இருந்தது. அன்று மட்டும் ஏழு முறை எடுத்து வைத்தாள்.

"அஞ்சு செகண்டு சத்தம் குடுத்துட்டு, அப்புறமா தானா அடிக்கற வகையும் இருக்குது சார்," என்றார் மெக்கானிக், நான் மறுபடி கூப்பிட்டபோது. "உங்க பொட்டி பழசு. உள்ள வேற சர்க்யூட் கார்டு போடணும்."

வெள்ளிக்கிழமை வந்தார். "இன்னா சார் மூட்டம், பொட்டியத் தேடறதுக்கே தனியா கூலி கேக்கணும் போலக்கீது," என்றபடி கார்டை மாற்றினார்.

காத்திருந்தோம். வெளியே மரங்கள் ஒவ்வொன்றாகக் கரைந்துகொண்டிருந்தன. போன் அடித்தது, நிற்கவில்லை. எடுத்தேன்.

"ஏங்க, கொர்ருன்னு சத்தம் வந்துச்சு. கேட்டுக்கினே இருந்தேன். அப்புறம் பாத்தா நீங்க."

"இன்னா வேணும்?"

"ஒண்ணும் வேணாம்."

இருவரும் வைக்கவில்லை. ஜன்னல் வெள்ளையாக இருந்தது. அவள் மூச்சு என் காதுக்குள், தலையணைக்கு அந்தப் பக்கம் இருப்பது போலக் கேட்டது. எத்தனை நிமிடம் என்று நான் எண்ணவில்லை.

கார்டு இரண்டாயிரத்து எண்ணூறு, கூலி அறுநூறு, பஸ்ஸுக்குத் தொண்ணூறு. பத்து ரூபாய் சில்லறை இல்லை என்றார். ஆக மூவாயிரத்து ஐந்நூறு.