அம்மா செய்த துவக்கு

இன்று ட்வெய்ட்டாவில் என் புது வீட்டு மேசைக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினேன். அந்த வாசனை என்னை இரண்டாயிரமாம் ஆண்டுகளில் நாங்கள் இருந்த பியோர்ண்டால் வீட்டுக் குசினிக்குக் கொண்டுபோனது. அங்கே அம்மா ஒரு குளிர்காலம் முழுக்கத் துவக்கு ஒன்று செய்தார். குழலின் வாய் வழியாக வெடிமருந்தும் ஈயக் குண்டும் இட்டுச் சுடும் பழைய மாதிரித் துவக்கு.

மருத்துவமனையில் அவரோடு வேலைசெய்த நொர்வேஜியப் பெண் இப்படிப்பட்ட துவக்குகளுக்கான கழகம் ஒன்றில் இருந்தார். இரும்புக் குழலை அங்கே வாங்கிய அம்மா, அதைப் பொருத்தும் மரக்கட்டையைத் தானே செதுக்கித் தேய்த்து எண்ணெய் பூசினார். குசினி முழுக்க மரத்தூள்.

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை.

"துவக்குக்குப் பயந்துதானே ஊரை விட்டு இஞ்சை ஓடி வந்தனாங்கள்?"

"ஓம். பயந்தது காணும், இனிப் பயப்பிட மாட்டன்," என்றார் அம்மா. "இது நான் செய்யிறது. நான் நினைச்சால்தான் வெடிக்கும்."

வசந்தத்தில் காட்டோரச் சுடுகளத்துக்கு மூவரும் போனோம். அம்மா குறிபார்த்தார். துவக்கை ஒருமுறை கீழே வைத்துவிட்டு மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி தூக்கினார். பெரிய சத்தம். வெள்ளைப் புகை விலகியபோது இலக்குத் தாளின் ஓரத்தில் ஒரு துளை தெரிந்தது. அம்மா அழுதபடியே சிரித்தார்.

"இன்னொருக்கா சுடப்போறன்."

திரும்பும்போது துவக்கை வைத்த நீளமான உறையை அப்பாதான் தோளில் மாட்டிக்கொண்டார். பஸ்சில் எங்களுக்குத் தெரிந்த தமிழ்ப் பெடியன் ஒருவன் கேட்டான்.

"என்ன அண்ணை, கிட்டார் பழகிறியளோ?"

"இல்லைத் தம்பி, துவக்கு," என்று அப்பா பஸ் முழுக்கக் கேட்கச் சொன்னார். "என்ர மனிசி தன்ர கையாலை செய்தது."