ஒரு பக்கத்தில் அடங்காத பேருந்து நிறுத்தம்

பல்கலைக்கழக ஆய்வு மையத்தில் அவளுக்குக் கத்தரிக்கோல் என்று பட்டப்பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். இருந்தாலும் அவளுக்குத் தெரியும். உள்ளூரப் பெருமையும் உண்டு. பேராசிரியர்கள் வருஷக்கணக்கில் முக்கி முனகி எழுதுகிற ஆய்வறிக்கையை, நகராட்சி மன்றத்துக்கு ஒரே பக்கமாகச் சுருக்கிக் கொடுப்பது அவள் வேலை. ஒரு பக்கம் என்றால் ஒரு பக்கம்தான். மன்றத் தலைவர் தாளைத் திருப்பிப் பார்க்கிற ஆசாமி இல்லை. தாளுக்குப் பின்பக்கம் என்று ஒன்று இருப்பதையே அவர் ஒப்புக்கொண்டதில்லை. ஒரு தடவை குப்பை வண்டிகளைப் பற்றிய சுருக்கத்தில் கடைசி இரண்டு வரி பின்பக்கம் போய்விட, ஊரில் பாதிக்கு மட்டும் புது வண்டி வந்தது. மீதிப் பாதி அந்தப் பின்பக்கத்தில் இருந்தது.

சுருக்குவதற்கு அவள் கண்டுபிடித்த வழி எளிமையானது. பேராசிரியர் என்பவர் ஒரு விஷயத்தை நேராகச் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற பிறவி இல்லை. ஒன்றைச் சொல்வார், அடுத்த வரியிலேயே 'ஆனால்' என்று ஆரம்பித்துப் பின்வாங்குவார். 'எனினும்' என்பார். 'மேலும் ஆய்வு தேவை' என்பார். நாளைக்கு எவராவது கேள்வி கேட்டால் தப்பிக்க ஒரு சந்து வேண்டுமே. அவள் முதல் காரியமாகச் சிவப்புப் பேனாவை எடுத்து இந்த 'ஆனால்'களை எல்லாம் களையெடுப்பாள். அதிலேயே அறிக்கை பாதியாகிவிடும்.

இந்தப் பழக்கம் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. கணவர் அலுவலகச் சண்டையை ஆரம்பித்தால், "யார் ஜெயிச்சது, அதை மட்டும் சொல்லுங்க" என்பாள். அவர் பாவம், பழகிக்கொண்டார். பழகாதவர் மாமியார். மாமியார் தக்காளி வாங்கி வந்த கதையைச் சொன்னால், கடைக்காரரின் மைத்துனர் வேலை மாறியது, எதிர்வீட்டுக்காரி தலைக்குச் சாயம் போட்டது என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டுத்தான் தக்காளி வீடு வந்து சேரும்.

"சுருக்கமா சொல்லுங்க அத்தை."

"சுருக்கினா அது கதையா, தந்தியா?" என்று மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

இப்படி இருக்கையில்தான் போக்குவரத்துப் பேராசிரியர் தலையணை மொத்தத்துக்கு இருந்த தன் அறிக்கையைக் கொண்டுவந்து அவள் மேசையில் போட்டார். ஊர்ப் பேருந்துகள் ஏன் ஊர்ந்து போகின்றன என்று ஆராய்ந்திருந்தார். நிறுத்தங்கள் நெருக்கமாக இருக்கின்றன, ஆள் அதிகம் ஏறாத நிறுத்தங்களை எடுத்துவிட்டால் பேருந்து பறக்கும் என்பது சாரம். ஏழாம் அத்தியாயம் முழுக்க 'ஆனால்' மயம். வழக்கம்போல அவள் அதைக் கோடு கிழித்துத் தள்ளினாள். வந்த ஒரு பக்கம் அவ்வளவு அழகாக இருந்தது. மன்றம் அதைக் கேள்வி கேட்காமல் நிறைவேற்றியது. பேருந்துகள் நிஜமாகவே வேகமெடுத்தன. பேராசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது. "இத்தனை வருஷத்துல நான் எழுதுன ஒண்ணு நடந்திருக்கும்மா" என்றார்.

மாமியார் அந்தச் சமயம் முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, மேட்டு மேல் இருக்கிற மருத்துவமனைக்குக் கால் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தார். பயிற்சியை விட்டால் முட்டி இறுகிப்போகும், அப்புறம் மடக்கவே முடியாது என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். ஒரு நாள் சாப்பிடும்போது மாமியார் ஆரம்பித்தார்.

"இன்னைக்கு பஸ்ல போனேனா, பக்கத்துல ஒரு அம்மா. அவங்க மருமகளும் ஆபீஸ்தானாம், ஆனா அவ கொஞ்சம் காது குடுத்துக் கேப்பாளாம்..."

"அத்தை, சுருக்கமா."

மாமியார் தட்டைப் பார்த்துக்கொண்டு, "பஸ் நிக்கல" என்றார்.

"டிரைவர் புதுசா இருப்பாரு" என்று மருமகள் முடித்துவைத்தாள்.

அதோடு மாமியார் மருத்துவமனைக்குப் போவதை நிறுத்திவிட்டார். கேட்டால், கால் தேறிவிட்டது என்றார். தேறிய காலோடு யாரும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பதில்லை. ஒரு காலையில் அவள் விடுப்புப் போட்டுவிட்டு, முரண்டு பிடித்த மாமியாரைப் பேருந்தில் ஏற்றினாள். வண்டி மேட்டில் ஏறியது. மருத்துவமனை வாசல் வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது. கூவிக் கூவி அடுத்த நிறுத்தத்தில் இறங்கியபோது வாசல் எங்கோ பின்னால் இருந்தது.

திரும்பி நடந்தார்கள். ஊன்றுகோலோடும் கட்டுப்போட்ட காலோடும் வேறு சிலரும் அதே வழியில் நின்று நின்று நடந்துகொண்டிருந்தார்கள். மாமியார் வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அவளுக்கு முதலில் பயத்தைக் கொடுத்தது. வாசலில் இருந்த பழைய நிறுத்தக் கம்பத்தில் நகராட்சி அறிவிப்பு ஒட்டியிருந்தது. 'ஆள் குறைவாக ஏறும் நிறுத்தங்கள் அனைவரின் நேரத்தையும் வீணாக்குகின்றன.' அவள் அதை இரண்டு தடவை படித்தாள். அந்த வாக்கியம் அவளுடையது. அதை எழுதிய அன்று தன் முதுகில் தானே தட்டிக்கொடுத்திருந்தாள். இப்போது வெட்கம் பிடுங்கித் தின்றது.

மதியமே பேராசிரியர் அறைக்குப் போனாள். அவர் ஏழாம் அத்தியாயத்தைப் பிரித்துக் காட்டினார். 'ஆனால், மருத்துவமனை வாசல்களில் ஏறுவோர் குறைவு என்றாலும் அவர்களால் அடுத்த நிறுத்தம் வரை நடக்க இயலாது' என்று கறுப்பு மையில் இருந்தது. அதன் மேல் அவளுடைய சிவப்புக் கோடும் இருந்தது.

"நீங்க தப்பிக்கறதுக்காக எழுதுனீங்கன்னு நினைச்சேன் சார்."

"நிறைய 'ஆனால்' அதுக்குத்தாம்மா" என்றார் அவர், மறைக்காமல். "இது அதுக்கில்ல."

அடுத்த மன்றக் கூட்டத்துக்கு அவள் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போனாள். தலைவர் கையை நீட்டி, "பக்கம் எங்கம்மா?" என்றார்.

"பக்கம் இல்லீங்க. தப்பு என்னோடது. முழுசா படிக்கணும்."

"சுருக்கமா சொல்லுங்க."

"முடியாதுங்க. சுருக்கினதாலதான் வந்திருக்கேன்."

ஏழாம் அத்தியாயத்தை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். ஒரு 'ஆனால்' விடவில்லை. 'எனினும்' வந்தபோதெல்லாம் குரலை உயர்த்தினாள். மேட்டில் மாமியார் நின்று மூச்சு வாங்கிய இடங்களையும் நடுவில் சேர்த்துக்கொண்டாள். ஓர் உறுப்பினர் கொட்டாவி விட்டார், ஒருவர் தூங்கியே விட்டார். சிலர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து மாமியாரின் காலைப் பார்த்தார்கள். சாப்பாட்டு வேளை தாண்டியது. "எட்டாம் அத்தியாயமும் இருக்கா?" என்று தலைவர் நடுங்கும் குரலில் கேட்டார். "இருக்குங்க" என்றாள். மருத்துவமனை நிறுத்தங்கள் அனைத்தையும் திரும்ப வைக்கும் தீர்மானம் அந்த நொடியே ஒருமனதாக நிறைவேறியது.

அடுத்த வாரம் இருவரும் மறுபடி பேருந்தில் மேட்டுக்குப் போனார்கள். வாசலில் வண்டி நின்றது. மாமியார் ஒவ்வொரு படியாக, அவசரப்படாமல் இறங்கினார். மொத்தப் பேருந்தும் காத்திருந்தது. இறங்கியதும் மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு நான் பேசுனது எப்படி அத்தை இருந்துச்சு?" என்று அவள் கேட்டாள்.

மாமியார் கொஞ்சம் யோசித்தார்.

"நல்லாத்தான் பேசுன. ஆனா கொஞ்சம் சுருக்கமா சொல்லியிருக்கலாம்."