கை நனைக்கக் கூடாத வீட்டுக்கு ஒரு சனிக்கிழமை

சனிக்கிழமை, பகல் பன்னிரண்டரை மணி. அரைநாள் பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு வந்து, சிம்மக்கல் வீட்டு அடுப்பங்கரையில் புளிச்சோறு கிளறிக்கொண்டிருந்தேன். ஊருக்குப் போவதென்று முடிவு செய்து ஒரு மணி நேரங்கூட ஆகவில்லை. பள்ளிக்கூட வாசலில் வெள்ளரிப் பிஞ்சு விற்கிறவள் என் தங்கை ராசாத்தியின் ஊர்க்காரி. "ஒங்க தங்கச்சி பிள்ளைக்கு மூணு மாசம் முடியப் போகுது டீச்சரு. பெரியம்மா மொகம் எப்படி இருக்கும்னே அதுக்குத் தெரியல" என்று சொல்லிவிட்டு, இரண்டு பிஞ்சு கொசுறாகப் போட்டாள். என்மேல் இரக்கப்பட்டுப் போட்டது அது. அந்த இரண்டு பிஞ்சைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை. நான் போய்ப் பார்க்காததற்குக் காரணம் ஒரு பந்தி. இரண்டு வருஷத்துக்கு முன் தங்கை புதுமனை புகுந்தபோது, என் வீட்டுக்காரரை முதல் பந்தியில் உட்கார வைக்கவில்லை. இரண்டாம் பந்தியில் வைத்தார்கள். அதற்குள் பாயசமும் தீர்ந்துவிட்டது. வக்கீல் குமாஸ்தா அல்லவா, இலையை விட்டு எழுந்து, "இனிமே இந்த வீட்டுல என் குடும்பத்துல ஒருத்தரும் கை நனைக்க மாட்டோம்" என்று சபை நடுவே சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாப்பிட்டுக் கை நனைத்தால் உறவு, நனைக்காவிட்டால் பகை. தங்கையின் புருஷர் சின்னச்சாமியும் லேசுப்பட்டவரல்லர். மாட்டோம் என்றவர்களுக்கு ஒரு செம்பு தண்ணீர்கூட நீட்டுவதில்லை என்று அவரும் சொல்லிவிட்டார். பெற்றுப் பிழைத்த தங்கையைக்கூடப் போய்ப் பார்க்காமல், இந்த இரண்டு மீசைகளுக்கும் பயந்து வாயை மூடிக்கொண்டு இருந்தேனே, அந்த வெட்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

வீட்டுக்காரர் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். "ராசாத்தி வீட்டுக்குப் போயிட்டு வாரேன்" என்றேன். போகட்டுமா என்று கேட்கவில்லை. பத்திரிகையில் ஒரு பக்கம் புரண்டது.

"பிள்ளையப் பாத்துட்டு வா. ஆனா அங்க கை நனைக்கக் கூடாது" என்று அதன் பின்னாலிருந்து பதில் வந்தது.

புளிச்சோறு கட்டியது அதற்காகத்தான். மறுநாள் வரைக்கும் கெடாது. அவருக்கு அடங்கிக் கட்டினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பிள்ளையைப் பார்க்க அடுப்பையே தலையில் தூக்கிக்கொண்டு போகச் சொல்லியிருந்தாலும் போயிருப்பேன்.

ஒன்றே முக்காலுக்கு ரயிலடிப் பக்கத்திலிருந்து உசிலம்பட்டி பஸ். செக்கானூரணி வரை பத்தரை மைல், கட்டணம் ஐந்து அணா. யுத்த காலமாகையால் பெட்ரோல் கிடையாது; கரிப் புகையில் ஓடும் பஸ். பின்புறத்தில் பீப்பாய் போல ஓர் அடுப்பைக் கட்டி, கரியைப் போட்டு மூட்டிவிட்டு, அரை மணி நேரம் விசிறியைச் சுற்றினால்தான் வண்டிக்கு உயிர் வரும். கண்டக்டர் என் தூக்குவாளியைப் பார்த்தார். புளியும் எண்ணெயும் மற்றவர்கள் வேட்டியில் சிந்துமாம், கூரைமேல் போட்டுவிட்டார். வாளி உள்ளேயே இருக்கட்டும் என்று நான் ஒரு பாட்டம் சண்டை போட்டும் நடக்கவில்லை.

பக்கத்தில் மடியில் கோழியோடு ஓர் அம்மாள். ஆண்துணை இல்லாமலா வருகிறீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றேன். பயமாக இல்லையா என்றார். பஸ்ஸைப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கிறது என்றேன். காளவாசலில் சூளைப் புகையும் எங்கள் பஸ்ஸின் புகையும் கலந்து, கோழி உள்பட எல்லோரும் இருமினோம்.

இரண்டே முக்கால் மணிக்கு, நாகமலைப் புதுக்கோட்டையைத் தாண்டிய ஒரு மேட்டில் பஸ் நின்றுவிட்டது. ஆண்களெல்லாம் இறங்கித் தள்ள வேண்டும், பெண்கள் உட்காரலாம் என்றார் கண்டக்டர். காசு ஒன்றுபோலத்தானே கொடுத்தோம் என்று நானும் இறங்கினேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளினேன். வண்டி இரண்டடி முன்னே போய், அப்படியே நாலடி பின்னே உருண்டது. அந்தக் குலுக்கலில் கூரையிலிருந்து விழுந்தது வேறு எந்த மூட்டையும் அல்ல, என் தூக்குவாளிதான். பின்சக்கரம் அதன்மேல் ஏறி இறங்கியது. வாளி அப்பளமாகிவிட்டது. ரஸ்தாவெல்லாம் புளிச்சோறு.

கண்டக்டர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "சோறு போனாப் போகுதுக்கா. போற எடத்துல போடாமயா இருக்கப் போறாக?"

அந்த மனிதருக்கு என்ன தெரியும்! அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

செக்கானூரணி போய்ச் சேர மணி நாலரை. அங்கிருந்து தெற்கே இரண்டரை மைலில் தங்கையின் ஊர். (பெயரை எழுத மாட்டேன், இரண்டு பேருடைய மானமும் அதில் இருக்கிறது.) மாட்டுவண்டிக்காரர் எட்டணா கேட்டார். பத்தரை மைலுக்கு ஐந்து அணா, இரண்டரை மைலுக்கு எட்டணாவா என்று வீம்புக்கு நடந்தேன். இருபுறமும் சோளமும் பருத்தியும். முதுகுக்குப் பின்னால் நாகமலை நீளமாகப் படுத்துக் கிடந்தது. புறப்பட்ட அவசரத்தில் வீட்டில் சாப்பிடவில்லை. காலையில் குடித்த காப்பிக்குப் பிறகு வயிற்றில் விழுந்தது அந்த வெள்ளரிப் பிஞ்சு இரண்டுதான். பாதி வழியில் கண் இருட்டியது.

ஐந்தரை மணிக்கு அந்த வாசலில் நின்றேன். முற்றத்தில் சின்னச்சாமி கயிறு திரித்துக்கொண்டிருந்தார். "வாங்க மதினி" என்றார். அதோடு சரி, கயிற்றுக்குத் திரும்பிவிட்டார். ராசாத்தி ஓடிவந்து பிள்ளையை என் கையில் கொடுத்தாள். பெண் பிள்ளை. எங்கள் அம்மாவின் நெற்றி. நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

ஆனால் தண்ணீர் வரவில்லை. எங்கள் ஊரில் வழிப்போக்கன் வந்தாலும் முதலில் செம்பு வரும். ராசாத்தி அடுப்பங்கரையைப் பார்ப்பதும் புருஷரைப் பார்ப்பதுமாகத் தவித்தாள். அவர்கள் கணக்கு எனக்குப் புரிந்தது. சாப்பிடுகிறீர்களா என்று கேட்டு, நான் வேண்டாமென்று சொல்லிவிட்டால் அவர்களுக்கு அவமானம். கேட்காமலே நான் சாப்பிட்டால் எனக்கு அவமானம். உள்ளே கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் மணக்க, மூன்று பேரும் ஒரு மணி நேரம் மழையைப் பற்றிப் பேசினோம்.

கடைசியில் என் வயிறே பேசிவிட்டது. தெருவுக்கே கேட்கும்படி ஒரு சத்தம். மடியில் தூங்கிய பிள்ளை திடுக்கிட்டு விழித்தது. ராசாத்திக்குச் சிரிப்பு வந்து, உடனே அழுகையும் வந்தது. எனக்கு வந்தது கோபம். இரண்டாம் பந்தியில் தீர்ந்துபோன பாயசத்துக்காக இந்தப் பெண்ணுக்கு இரண்டு வருஷம் அக்காள் இல்லாமல் போயிற்றே!

எழுந்தேன். பிள்ளையைச் சின்னச்சாமியின் கைகளில் வைத்தேன். கயிறு கீழே விழுந்தது. நேராக அடுப்பங்கரைக்குப் போய், தட்டை எடுத்து, களியை நானே போட்டு, குழம்பை நானே ஊற்றி, அவருக்கு நேரெதிரே வந்து உட்கார்ந்தேன். அவர் பார்க்கப் பார்க்க முதல் கவளத்தை விழுங்கினேன்.

"தம்பி, நீங்களும் சாப்பிடச் சொல்லல, நானும் மாட்டேன்னு சொல்லல. ரெண்டு வீட்டு மானமும் பத்திரமா இருக்கு. ஆனா கொழம்புல உப்பு கம்மி."

அவர் பிள்ளையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார்.

"ஏ ராசாத்தி" என்றார் பிறகு. "மதினிக்கு உப்பு எடுத்து வையி. தண்ணியும் வையி."

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குப் புறப்பட்டேன். என் வாளி நசுங்கிப் போனதால், ராசாத்தி தன் வெண்கலத் தூக்கு ஒன்றில் கருப்பட்டி போட்ட எள்ளுருண்டை நிறையக் கொடுத்தாள். என் வீட்டுக்காரருக்கு அதில் உயிர். தூக்கின் மூடியில் சின்னச்சாமியின் பெயர் முழுசாக வெட்டியிருந்தது. பெயர் வெட்டாத தகரத் தூக்கு ஒன்று அவளிடம் இருந்தது எனக்குத் தெரியும். இதைத்தான் தேடி எடுத்தாள். இந்தத் தடவை தூக்கைக் கூரைமேல் போட நான் விடவில்லை, மதுரை வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

ஆறு மணிக்கு வீடு. அதே பத்திரிகை. "கை நனைச்சியா?"

"நனைச்சேன். வயிறு முட்ட."

அங்கே இரண்டு பேர் தண்ணீர் கொடுக்காமல் இருந்தார்கள். இங்கே ஒருவர் பத்திரிகையைக் கீழே வைக்காமல் இருந்தார். நான் வெண்கலத் தூக்கை அவர் முன்னால், பெயர் அவருக்குத் தெரியும்படி வைத்தேன். இது அவர்கள் வீட்டுப் பாத்திரம், திருப்பிக் கொடுத்தாக வேண்டும், வெறும் பாத்திரமாகக் கொடுக்க முடியாது, என்ன போட்டுக் கொடுக்கலாம் என்று நீங்களே யோசித்துச் சொல்லுங்கள் என்றேன். அவர் மூடியை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பத்திரிகைக்குத் திரும்பினார். ஆனால் திங்கட்கிழமை காலையில் எண்ணிப் பார்த்தேன், இரண்டு உருண்டை குறைந்திருந்தது.

வருகிற சனிக்கிழமை அதே ஒன்றே முக்கால் பஸ். அவர் வந்தால் இரண்டு டிக்கெட், வராவிட்டால் ஒன்று.