கோட்டுக்கு ஒரு கை தூரம்

அன்று மைதானத்தின் ஓரத்தில் நின்றவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மனைவி. அவள் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் மகள், ஏழு வயது. எங்கள் அபார்ட்மென்ட்டில் கீழ்வீட்டில் இருக்கும் அங்கிள், மடக்கு நாற்காலியோடு. எங்கள் கோச், ஆஸ்திரேலியாக்காரர். மாற்று ஆட்டக்காரர்கள் நான்கு பேர். முதலுதவிப் பெட்டியோடு ஒரு பெண். எல்லோரிடமிருந்தும் தள்ளி, தொப்பி போட்ட ஒருவர். அவ்வளவுதான். மற்றவர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்க வந்தவர்கள்.

தொப்பிக்காரர் டெக்சாஸிலிருந்து வந்திருந்தார். அங்கே அவருடைய குழுவில் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் உண்டு. எங்கள் நியூஜெர்சி குழுவில் சட்டை மட்டும் கொடுப்பார்கள். ஷூவை நாங்களே வாங்கிக்கொள்ள வேண்டும். எங்களில் மூன்று பேரைப் பார்க்க அவர் வந்திருந்தார். எடுக்கப்போவது ஒருவரைத்தான். அந்த மூவரில் நானும் ஒருவன்.

எனக்கு அந்த இடம் வேண்டும். அதைச் சொல்வதில் வெட்கம் இல்லை.

நான் படித்தது எட்டாவது வரை. திருச்செங்கோடு பக்கம். கபடி ஆடினேன். ஆட்டத்தைப் பார்த்து ஒரு நூல் மில்லில் வேலை கொடுத்தார்கள். மில்லுக்காக எட்டு வருஷம் ஆடினேன். மாமன் மகளைக் கட்டினேன். அவள் இன்ஜினியர். அவளுக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்தது. கூட வந்தேன். வந்து சில வருஷம் வேலை பார்க்க அனுமதி இல்லை. அனுமதி வந்த பிறகு ஒரு இந்திய மளிகைக் கடையின் கிடங்கில் சேர்ந்தேன். அரிசி மூட்டை இறக்குவது.

நாங்கள் இருக்கும் மான்மவுத் ஜங்ஷனில் எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் முதல் கேள்வி எந்தக் கம்பெனி என்பதுதான். நான் மனைவியின் கம்பெனியைச் சொல்வேன். கேட்டவர் உடனே அங்கே என்ன டீம் என்பார். நான் தட்டை எடுத்துக்கொண்டு சட்னி இருக்கும் பக்கம் போய்விடுவேன்.

மகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு பார்க்கில் நடந்த காலத்தில்தான் அந்த ஆட்டத்தைப் பார்த்தேன். ரக்பி லீக் என்று பிறகு தெரிந்தது. ஒருவன் ஓடி வருகிறான். மூன்று பேர் சேர்ந்து பிடித்து அமுக்குகிறார்கள். கபடி மாதிரி இருந்தது. ஆனால் பந்து இருந்தது. பந்து எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

மூன்று ஞாயிற்றுக்கிழமை நின்று பார்த்தேன். நான்காவது வாரம் கோச் கையசைத்துக் கூப்பிட்டார். வண்டியை முதலுதவிப் பெண்ணிடம் விட்டுவிட்டு இறங்கினேன். அவர்களில் பெரியவன் ஒருவன் என்னைப் பார்த்து ஓடி வந்தான். எருமை மாதிரி இருந்தான். குனிந்து கணுக்காலைப் பிடித்தேன். விழுந்தான். எழுந்து என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

அப்படித்தான் சேர்ந்தேன். பிடிப்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. மற்றதெல்லாம் குழப்பம். முன்னால் போக வேண்டும், ஆனால் பந்தைப் பின்னால்தான் கொடுக்க வேண்டும். ஒரு மாதம் இது விளங்கவில்லை. பிடிபட்டவனை விட்டுவிட வேண்டும். அவன் எழுந்து பந்தைத் தரையில் வைத்துக் காலால் பின்னுக்கு உருட்டுவான். ஆட்டம் தொடரும். பிடித்தவனை எதற்கு விட வேண்டும்? இப்படி ஆறு தடவை பிடிபட்டால் பந்து எதிராளிக்கு. கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் புள்ளி. அதற்கு ட்ரை என்று பெயர்.

காலால் பந்தை உருட்டியதும் என் கை தானாக இறங்கிப் பந்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றப் போகும். அதற்குள் பந்து போய்விட்டிருக்கும். கோச் ஒரு வருஷம் திட்டி அதை நிறுத்தினார்.

இன்னொன்றை அவரால் நிறுத்த முடியவில்லை.

கபடியில் நான் பாடிப்போகிறவன். எதிர்ப் பக்கம் போய் ஒருவனைத் தொட்டுவிட்டு மூச்சு அறுபடாமல் நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். ஏழு பேர் மேலே விழுந்தாலும் சரி. மூச்சு இருக்கிற வரை கை கோட்டைத் தேடும். விரல் நுனி பட்டால் போதும். மேலே கிடக்கிற அத்தனை பேரும் அவுட். எங்கள் ஊரில் என்னை அதற்காகத்தான் பார்க்க வருவார்கள்.

இந்த ஆட்டத்தில் அது தப்பு. பந்து இருக்கிற கை தரையில் பட்டு, மேலே ஆள் இருந்தால் முடிந்தது. அப்புறம் கையை நீட்டிக் கோட்டில் வைத்தால் செல்லாது. பந்தும் போய்விடும். ஆனால் ஓடி வந்த வேகத்தில் உடம்பு தானாகச் சறுக்கிப் போனால் செல்லும். சறுக்குவது எது, நீட்டுவது எது? கேட்டேன். பார்த்தாலே தெரியும் என்றார்கள். எனக்குத் தெரியவில்லை.

டெக்சாஸ்காரர் வந்த அன்று காலையிலேயே அங்கிள் ஆரம்பித்துவிட்டார். அவர் ரிட்டயர் ஆனவர், சென்னைக்காரர், மகன் வீட்டில் இருக்கிறார்.

"தம்பி, எல்லாரும் இங்க கம்ப்யூட்டரத் தட்ட வராங்க. நீ மனுஷனத் தட்ட வந்திருக்க. முப்பத்தொரு வயசுல எலும்பு ஒடஞ்சா சேருமா?"

"சேரலன்னா நீங்க ரசம் வெச்சுக் குடுங்க அங்கிள்" என்றாள் மனைவி.

ஆட்டம் நன்றாகத்தான் போனது. நான் பிடித்த ஆள் ஒருவனும் தப்பவில்லை. கோச் ஒன்றும் சொல்லவில்லை. அவர் திட்டாமல் இருந்தால் சரியாக ஆடுகிறோம் என்று அர்த்தம். கடைசி நேரத்தில் நாங்கள் இரண்டு புள்ளி பின்னால் இருந்தோம். ஒரு ட்ரைக்கு நான்கு புள்ளி. பந்து என்னிடம் வந்தது.

ஓடினேன். ஒருவன் தோளில் விழுந்தான். இழுத்துக்கொண்டு போனேன். இன்னொருவன் இடுப்பைப் பிடித்தான். விழுந்தேன். முழங்கை தரையில் பட்டது. வலித்தது, அதனால் நினைவிருக்கிறது. முகத்துக்கு நேரே வெள்ளைக் கோடு. ஒரு கை தூரம்.

என் மூச்சு இருந்தது.

கை நீண்டது. பந்து கோட்டில் உட்கார்ந்தது. நடுவர் விசில் ஊதினார். எழுந்து கையைத் தூக்கினேன். என் ஆட்களைப் பார்த்தேன். ஒருவரும் என்னிடம் ஓடி வரவில்லை. எருமை மாதிரி இருந்தவன் இடுப்பில் கை வைத்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எதிராளிகள் ஒருவரை ஒருவர் முதுகில் தட்டிக்கொண்டார்கள். நடுவர் கையை அவர்கள் பக்கம் காட்டினார். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. நான்தானே கோட்டைத் தொட்டேன் என்று நின்றேன். மைதானத்துக்கு வெளியே அங்கிள் மட்டும் கை தட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரியாது.

தோற்றோம்.

ஆட்டம் முடிந்து தொப்பிக்காரர் என்னிடம் வந்தார். மற்ற இருவரிடம் முன்பே பேசிவிட்டார். நான் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். என் ஆங்கிலம் கிடங்கு ஆங்கிலம். அவர் டெக்சாஸ் ஆங்கிலம். ஒரு கேள்வியை இரண்டு தடவை நிதானமாகக் கேட்டார். எனக்குப் பிடிபடவில்லை. மனைவியைப் பார்த்தேன். அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மாமா, கடைசில பண்ணுனீங்கல்ல, அந்த ரூல் உங்களுக்குத் தெரியுமான்னு கேக்கறாரு. தெரியாதுன்னா பரவால்லயாம், சொல்லிக் குடுத்துக்கலாமாம். தெரிஞ்சேதான் செஞ்சீங்களான்னு கேக்கறாரு. என்ன சொல்லட்டும்?"

நான் யோசித்தேன். தெரியாது என்றால் எனக்கு அந்த இடம். தெரியும் என்றால் இல்லை. இவ்வளவு என் மண்டைக்கே விளங்கியது. ஆனால் எது உண்மை என்பதுதான் விளங்கவில்லை. கோச் இருபது தடவையாவது சொல்லியிருப்பார். அவரும் பத்தடி தள்ளி நின்று பந்துகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். ஆனால் கோடு முகத்துக்கு நேரே வரும்போது எனக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் கை ஏன் போகிறது?

"தலைக்குத் தெரியும்" என்றேன். "கைக்குத் தெரியாது. அப்படியே சொல்லு."

அவள் அவர் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் பேசினாள். வேகமாகப் பேசினாள். நான் சொன்னது நான்கைந்து வார்த்தை. அவள் பேசியது ஒரு நிமிஷம் இருக்கும். இடையில் கபடி என்ற சொல் இரண்டு தடவை வந்தது. அவர் தலையாட்டினார். என் வலது கையைப் பார்த்தார். பிறகு அதைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

வண்டியை மனைவிதான் ஓட்டினாள். நான் சொன்னதைச் சொன்னாயா என்று கேட்டேன். சொன்னேன் என்றாள். பின் சீட்டிலிருந்து மகள் வாயைத் திறந்தாள். நாங்கள் தமிழில் பேசினால் அவளுக்குப் புரியும். பதில் ஆங்கிலத்தில்தான் வரும்.

"தட்ஸ் நாட் வாட் அம்மா செட், அப்பா."

"அம்மா டிரைவ் பண்ணிட்டிருக்கேன்ல, பேசாம வா கண்ணு" என்றாள் மனைவி.

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அவளைத் தனியாகக் கேட்டேன். மறந்துவிட்டது என்றாள். ஏழு வயதில் அதற்குள் மறக்குமா, அம்மா சொல்லிவைத்தாளா, தெரியவில்லை. மறுநாள் கீழ்வீட்டு அங்கிளைக் கேட்டேன். அன்று அவர் பக்கத்தில்தான் நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தார்.

"எனக்குக் காது சரியா கேக்கல தம்பி. ஆனா உன் சம்சாரம் கைய ஆட்டி ஆட்டிப் பேசிச்சு. கோர்ட்டு வக்கீல் மாதிரி."

மூன்று வாரம் கழித்து மெயில் வந்தது. மனைவிதான் படித்தாள். ஒரு சீசனுக்கு என்னை எடுத்துக்கொண்டார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எதற்காக எடுத்தார்கள் என்று தெரியாத சந்தோஷம். அந்த வாரம் ஒரு வளைகாப்பு. எந்தக் கம்பெனி என்று ஒருவர் கேட்டார். டெக்சாஸில் ரக்பி ஆடப்போகிறேன் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அது ஐ.டி.யா என்று கேட்டார்.

டெக்சாஸில் முதல் நாள். அங்கே இன்னொரு கோச். எல்லோரையும் ஓடச் சொல்லிவிட்டு என்னை மட்டும் வெள்ளைப் பலகை முன்னால் உட்கார வைத்தார். ஒரு கோடு போட்டார். கீழே விழுந்த ஆளை வரைந்தார். நீட்டிய கையை வரைந்தார். கையின் மேல் சிவப்பில் பெருக்கல் குறி போட்டார். மெதுவாக, குழந்தைக்குச் சொல்வது மாதிரி சொன்னார். முதல் தடவை கேட்கிறவனுக்குச் சொல்வது மாதிரி.

நான் சிவப்புக் குறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தெரியும் என்றால் மனைவி பொய் சொன்னவள் ஆவாள். தெரியாது என்றால் நான். அவள் என்ன சொன்னாள் என்பதே எனக்குத் தெரியாது. இவர் எல்லோருக்கும் இப்படித்தான் வரைகிறாரோ என்னவோ.

அன்று சாயங்காலம் வீடியோ காலில் கேட்டேன்.

"நீ அவர்கிட்ட என்னதான் சொன்ன?"

"இப்ப எதுக்கு மாமா அது? இடம் கெடச்சிருச்சல்ல. ஆடுங்க."

ஆடினேன். வெயில் எனக்குப் பழகியதுதான். மற்றவர்கள் திணறினார்கள். பிடிப்பதற்காக என்னை இறக்குவார்கள். என் பக்கம் வந்தவர்கள் விழுந்தார்கள். கூட்டத்தில் சிலர் என் நம்பரைச் சொல்லிக் கத்துவார்கள். என்ன கத்துகிறார்கள் என்று தெரியாது. நல்லதாகத்தான் இருக்கும்.

கோட்டுக்குப் பக்கத்தில் பிடிபடும்போதுதான் கை போய்விடும். முதல் தடவை கோச் முதுகில் தட்டினார். இரண்டாவது தடவை மறுபடியும் பலகையில் வரைந்தார். அதற்குப் பிறகு வரையவில்லை. பயிற்சியில் என் வலது கையைத் துண்டால் உடம்போடு கட்டி விழ வைத்தார்கள். கட்டியிருந்தால் போகாது. அவிழ்த்தால் போகும். ஒரு ஆட்டத்தில் அதே மாதிரி விழுந்து பந்தைக் கோட்டில் வைத்தேன். நடுவர் புள்ளி கொடுத்தார். இது சறுக்கல் என்றார்கள். அடுத்த வாரம் அப்படியே வைத்தேன். நீட்டல் என்றார்கள். இரண்டிலும் நான் ஒன்றையேதான் செய்தேன். இன்றைக்கும் வித்தியாசம் சொல்லத் தெரியாது.

சீசன் முடிந்த பிறகு கோச் ஆபீஸுக்குக் கூப்பிட்டார். அடுத்த வருஷத்துக்கு நான் இல்லை என்றார். அது நன்றாகப் புரிந்தது. தொப்பிக்காரரும் சுவரில் சாய்ந்து நின்றார். கோபம் இல்லை. நல்ல ஆட்டக்காரன் என்று இரண்டு பேரும் சொன்னார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கோச் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார்.

என் கை மட்டும். வெவ்வேறு மைதானம். வெவ்வேறு ஆட்கள் மேலே கிடக்கிறார்கள். முழங்கை தரையில் படுகிறது. கொஞ்சம் நிற்கிறது. பிறகு போகிறது. விசில். அடுத்தது. முழங்கை, கை, கோடு, விசில். எனக்கு எல்லாமே புள்ளியாகத்தான் தெரிந்தது. கடைசிவரை பார்த்தேன். எண்ணிக்கொண்டே வந்தேன்.

ஏழு.