அருண்குமார் பேருக்கு வந்த வேலை

லோகப்பிரியாவைப் பெண் பார்க்க வந்தவர்கள், கல்யாணத்துக்குப் பிறகும் பெண் வேலைக்குப் போவாளா என்று கேட்டார்கள். அந்தியூரில் மண்டி வைத்திருந்த அவள் அப்பா, "அதெல்லாம் நிறுத்திப்போடலாமுங்க" என்று சொல்லிவிட்டார். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, கோயமுத்தூர் கிராஸ்கட் ரோட்டில் பாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுக்கும் கடை ஒன்றில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவள் அவள். கல்யாணத்துக்கு முந்தின மாதம், திருப்புளியைக் கடை முதலாளியிடமே கொடுத்துவிட்டு வந்தாள். கல்யாணம் தொண்ணூற்றேழு ஆவணியில் நடந்தது.

மாப்பிள்ளை அருண்குமார் நல்ல மனிதன். கோபப்படத் தெரியாது. ஆனால் தொட்டது எதுவும் நிலைக்கவில்லை. மோட்டார் ரீவைண்டிங் பட்டறை எட்டு மாதம், கூரியர் ஏஜென்சி ஒரு வருஷம். கல்யாண வீடுகளில் பங்காளிகள் அவன் தோளில் கை போட்டு, "தம்பி, இப்ப என்னுங்க பண்றீங்க?" என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்பார்கள். அவனும் சிரிப்பான். வீட்டுக்கு வந்தால் இரண்டு நாள் யாரிடமும் பேசமாட்டான்.

கேம் சென்டர் வைக்கிற யோசனை அவனுடையதுதான். காந்திபுரம் நூறடி ரோட்டில், ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே மாடி கிடைத்தது. பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள், அத்தனையையும் இணைக்க ஒரு சர்வர். பாகங்களைப் பார்த்து வாங்கியவள் லோகப்பிரியா. தொண்ணூற்றொன்பது பொங்கலுக்குத் திறந்தார்கள். இன்ஜினியரிங் காலேஜ் மாணவர்கள் கூட்டமாக வந்து, இரண்டு அணியாகப் பிரிந்து ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டார்கள். அருண்குமாருக்கு ஒவ்வொருவர் பெயரும் தெரியும். யாருக்கு என்றைக்குப் பரீட்சை என்றுகூடத் தெரியும். அவன் சிரித்த முகத்துக்காகவே வந்தவர்கள் உண்டு.

பங்குனியில்தான் தொந்தரவு ஆரம்பித்தது. விளையாடுகிறவர்கள் எங்கே நிற்கிறார்கள், யார் சுட்டது யார் மேல் பட்டது என்று கணக்குப் பார்த்து எல்லாருக்கும் சொல்வது சர்வர்தான். எட்டுப் பேர் வரைக்கும் அது தாக்குப்பிடித்தது. ஒன்பதாவது ஆள் சேர்ந்ததும் திணறியது. சுட்டவன் சுட்டுக்கொண்டே இருப்பான், எதிரி அரை விநாடி கழித்து விழுவான். "அண்ணா, தொங்குதுங்க" என்று நாலாபக்கமும் சத்தம்.

"புதுசா ஒண்ணு வாங்கோணுமா?" என்று அருண்குமார் கேட்டான்.

"வேண்டாமுங்க மாமா. காலையில கடை தொறக்கறதுக்கு மிந்தி எனக்கு ரெண்டு மணி நேரம் குடுங்க போதும்."

தினமும் ஏழு மணிக்கு அவனோடு ஸ்கூட்டரில் போனாள். மதர்போர்டில் வேகத்தைத் தீர்மானிக்கிற ஜம்பர் என்ற சின்னச் செருகியை மாற்றிப் போட்டு, சர்வரின் மூளையான பிராசசரை முந்நூறு மெகாஹெர்ட்ஸிலிருந்து நானூற்றைம்பதுக்கு ஏற்றினாள். காலையில் ஜம்மென்று ஓடியது, மத்தியானச் சூட்டில் திரை அசையாமல் உறைந்துபோனது. பெரிய ஃபேனாக மாட்டி, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, பிராசசருக்குப் போகிற மின்னழுத்தத்தை மயிரிழை கூட்டினாள். உறைவது நின்றது. ஆனால் எப்போதாவது ஒரு இழுப்பு இருந்துகொண்டே இருந்தது. நோட்டும் பென்சிலுமாக நாலு நாள் உட்கார்ந்து, எப்போதெல்லாம் இழுக்கிறது என்று நேரம் குறித்தாள். நாலாவது நாள்தான் பிடிபட்டது. சர்வரின் கீபோர்டை யாரும் தொடுவதில்லை. அதனால் தான் சும்மா கிடப்பதாக மிஷின் நினைத்து, மின்சாரத்தை மிச்சப்படுத்த பிராசசரைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தது. அந்த ஏற்பாட்டையே நிறுத்தினாள். மற்ற வேலைகள் எல்லாம் காத்திருக்கட்டும், விளையாட்டுக்குத்தான் முதல் இடம் என்று பிராசசருக்கு உத்தரவு போட்டாள்.

அன்று மத்தியானம் பன்னிரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். ஒரு இழுப்பு இல்லை. கவுன்டருக்குப் பின்னால் டிபன் கேரியரைப் பிரித்துக்கொண்டிருந்த லோகப்பிரியாவைப் பார்த்து அருண்குமார் கண்ணைச் சிமிட்டினான். கல்யாணமாகி அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறில்லை.

ஆனியில் ஊரிலிருந்த சென்டர்களெல்லாம் சேர்ந்து ஒரு போட்டி வைத்தார்கள். அதைப் பார்க்கப் பெங்களூரிலிருந்து ஒரு கம்பெனி மேலாளர் வந்திருந்தார். அங்கே பெரிய அளவில் கேம் சென்டர்கள் திறக்கப்போகிற கம்பெனி. இவர்கள் இடத்தில் அரை நாள் உட்கார்ந்து பார்த்தவர், நேராகக் கவுன்டருக்கு வந்தார்.

"இந்த சர்வரை செட் பண்ணது யாருங்க? இவ்வளவு சின்ன மிஷின்ல இப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை."

அருண்குமார் திரும்பி லோகப்பிரியாவைப் பார்த்தான். போட்டி பார்க்க வந்திருந்த அவனுடைய பெரியப்பா மகன்கள் இரண்டு பேர் பக்கத்திலேயே நின்றார்கள். அவர்கள் முகத்தையும் புருஷன் முகத்தையும் அவள் ஒரு கணம் பார்த்தாள்.

"இவருதானுங்க" என்றாள்.

பத்தே நாளில் பெங்களூரில் வேலைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. வீட்டில் அருண்குமார், "வேண்டாம் பிரியா, மாட்டிக்குவேன்" என்றான். உள்ளபடியே பயந்தான். மாமியார் சுப்பாத்தாளுக்கு விஷயம் தெரியும். சமையலறையில் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு தரம் அவன் நிமிந்து நடக்கட்டும் கண்ணு. நீ கூட இருந்து சொல்லிக் குடுத்துக்கோ."

அப்படித்தான் ஆனது. சென்டரை லோகப்பிரியா பார்த்துக்கொண்டாள். அருண்குமார் பெங்களூரில் ரூம் எடுத்துத் தங்கினான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கோயமுத்தூரில் கணபதி பகுதியில் இருந்த அவர்கள் வீட்டுக்கு போன் வரும். ஆபீசில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, சர்வருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு பேசுவான். திரையில் தெரிகிற ஒவ்வொரு வரியையும் வாசிப்பான். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள்.

"கீழ போங்க மாமா. இன்னும் கீழ. என்ன போட்டிருக்குது?"

"எழுத்துக் கூட்டிச் சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

அந்தக் கம்பெனி சர்வரில் இரண்டு பிராசசர்கள். அப்படி ஒன்றை அவள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. விலை உயர்ந்த மிஷின், ஆனாலும் முப்பது பேர் சேர்ந்தால் இழுக்கிறது என்றான். மூன்று ஞாயிறு அவனை வாசிக்க வைத்துக் கேட்டு, அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். விளையாட்டு ஒரு பிராசசரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவி நேரத்தைத் தொலைக்கிறது. "அதைய ஒண்ணுலயே கட்டிப் போடுங்க மாமா. மத்த வேலையெல்லாம் இன்னொண்ணு பாக்கட்டும்." ரிசீவரைக் காதில் வைத்தபடியே அவன் செய்தான். மறுநாள் திங்கட்கிழமை, ஞாயிறுவரை காத்திருக்காமல் கூப்பிட்டான். "ஓடுது பிரியா! முப்பத்திரண்டு பேரு! எல்லாருமே கை தட்டினாங்க."

அவளும் சிரித்தாள். ரிசீவரை வைத்த பிறகு, அந்தக் கை தட்டலில் தனக்கு எத்தனை என்று ஒரு நினைப்பு வந்தது. உடனே அதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஐப்பசியில் அருண்குமார் மஞ்சள்காமாலையோடு வந்து இறங்கினான். கண்ணெல்லாம் மஞ்சள். பத்து நாள் படுக்கை; சென்டரைச் சாத்திவிட்டு லோகப்பிரியா கூடவே இருந்தாள். ஆறாம் நாள் முற்பகல் மேலாளர் வீட்டுக்கே போன் செய்தார். ஏதோ மாற்றி வைத்ததில் சர்வர் நின்றுவிட்டது, வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார்.

"அவருகிட்டக் கேட்டுச் சொல்றேனுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அருண்குமார் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்ப மனம் வரவில்லை. திரும்பி வந்து, செய்ய வேண்டியதைச் சொன்னாள். மேலாளர் அடுத்த கேள்வி கேட்டார். அதற்கும் சொன்னாள். அதற்கடுத்ததற்கும் சொன்னாள். நாலாவது கேள்விக்குப் பதில் சொல்லி முடித்தபோதுதான், இடையில் தான் உள்ளே போகவே இல்லை என்பது அவளுக்கு உறைத்தது.

மேலாளர் ஐந்தாவதாக ஒன்று கேட்டார்.

"அம்மா, கோயமுத்தூர் சர்வரை செட் பண்ணது யாரு?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். பொய் அலுத்துப்போயிருந்ததா, அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட வாய் துடித்ததா, பிற்பாடு எவ்வளவு யோசித்தும் அவளுக்கே தெரியவில்லை.

"நானுங்க."

மேலாளர் கெட்டவர் அல்ல. நாலே நாளில் அருண்குமார் பெயருக்குக் கடிதம் வந்தது. சர்வர் பொறுப்பை உங்கள் மனைவி எடுத்துக்கொள்ளட்டும், சென்டர்களை நடத்துகிற பொறுப்பு உங்களுக்கு, ஆட்களை அணைத்துப் போவதில் உங்களைப்போல் ஒருவர் எங்களிடம் இல்லை, இருவரும் வாருங்கள் என்று எழுதியிருந்தார். அருண்குமார் முதல் வரியைத் தாண்டி வாசித்தானா என்பதே சந்தேகம்.

"நீ சொன்னயா?"

"ஆமாங்க மாமா."

"என்னைய எழுப்பியிருக்கலாமல்ல?"

"காய்ச்சலோட தூங்கிட்டிருந்தீங்க."

"காய்ச்சல்தானே. செத்தா போயிருந்தேன்?"

சத்தம் போட்டிருந்தால் தேவலை. அவன் மெதுவாகத்தான் சொன்னான். சுப்பாத்தாள் குறுக்கே வந்து, "ரெண்டு பேரும் போங்க சாமி, நல்ல வேலையல்ல?" என்றார். "அவ போகட்டுமுங்கம்மா, நான் தடுக்க மாட்டேன். வேலை அவளோடது" என்று சொல்லிவிட்டு அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

லோகப்பிரியா போகவில்லை. அவன் உடம்பு தேறட்டும், மனசும் தேறும், பிறகு இரண்டு பேருமாகப் போகலாம் என்று கார்த்திகை முழுக்கக் காத்திருந்தாள். மேலாளர் இரண்டு முறை போன் செய்தார். மூன்றாவது முறை செய்யவில்லை. வேறு ஆளைப் போட்டுவிட்டதாக மார்கழி முதல் வாரம் ஒரு கார்டு வந்தது. அதைக் கொடுத்தபோது அருண்குமார், "அப்படியா" என்று மட்டும் கேட்டான்.

அதற்குப் பிறகு, விலை பேச ஆள் வந்த அன்று தவிர, அவன் சென்டர் படி ஏறவே இல்லை. விற்றுவிடுவது என்று முடிவானது. மேட்டுப்பாளையத்தில் சென்டர் வைக்கப்போவதாக லட்சுமணசாமி என்ற ஒருவர் வந்து எல்லாவற்றையும் பார்த்தார். சர்வரை ஓட விட்டுக் காட்டச்சொல்லி, பிரமித்துப்போனார். "இதையெல்லாம் எப்படிங்க வெச்சிருக்கீங்க? நான் கொண்டுபோய்த் திணறக்கூடாதல்ல?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. செஞ்சதெல்லாம் அவ. அவளைக் கேட்டுக்குங்க" என்று அருண்குமார் சொன்னான்.

பெரியப்பா மகன்கள் முன்னால் சொல்ல முடியாததை முன்பின் தெரியாத ஒரு ஆளிடம் சொல்லிவிட்டு அவன் படி இறங்கிப் போனான். லோகப்பிரியா காகிதம் எடுத்து, ஒவ்வொன்றாக எழுதிக் கொடுத்தாள். கண்ணீர் எழுத்தை மறைத்தது. லட்சுமணசாமி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "மெதுவா எழுதுங்க அம்மணி, அவசரமில்லை" என்றார்.

தை பிறந்ததும் அவள் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். சம்பளப் பட்டியல் அடிக்கிற வேலை. அருண்குமார் சிங்காநல்லூரில் சித்தப்பாவின் இரும்புக்கடைக் கணக்கைப் பார்த்துக்கொண்டான். தினமும் காலையில் ஸ்கூட்டரில் அவளைப் பஸ் ஸ்டாப்பில் கொண்டுவந்து விடுவான். பஸ் வரும்வரை நிற்பான். உட்கார இடம் கிடைத்ததா என்று கழுத்தை நீட்டிப் பார்ப்பான். கிடைத்தது என்று அவள் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டுவாள். அவன் தலையாட்டிவிட்டு வண்டியைத் திருப்புவான். ஒரு வார்த்தை பேசமாட்டான்.