முட்டைக்குக் கட்டின தெண்டம்

ஏரியில் இறால் தடவிப் பிழைக்கிறவள் நான். இடுப்பளவு தண்ணீரில் குந்தி, சேற்றுக்குள் கையை விட்டு, அகப்பட்டதைப் பறிக்கூடையில் போட்டுக்கொள்வோம். கூடைக் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டு இருப்பதால் தண்ணீரில் பேச்சு கிடையாது. கரையேறிவிட்டால் நான் யாருக்கும் பயந்து வாயை மூடினவள் இல்லை. அதற்காகத்தான் என்னைப் பள்ளிக்கூடத்துக் குழுவில் சேர்த்தார்கள் போலிருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிப்பேன், நிதானமாக எழுதுவேன். அதற்கு மேல் எனக்குத் தேவைப்படவும் இல்லை.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஏரிப் பக்கம் சுவர் கிடையாது. மாடு வரும், நாய் வரும், பாம்பு வரும். ஒரு நாள் குடித்துவிட்டு எவனோ ஒருத்தன் வகுப்புக்குள்ளேயே வந்து படுத்துக்கொண்டான். பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடின. அதற்குப் பிறகுதான் பாதுகாப்புக்கு என்று பணம் வந்தது. ஆபீசர் ஒருத்தர் ஜீப்பில் வந்து, "கேமரா வைக்கப் போறோம்" என்றார்.

"கேமரா பாம்பைப் புடிக்குமா சார்? செவுரு கட்டிக் குடுங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "இது கேமராவுக்குன்னே வந்த பணம் ஆயா. செவுத்துக்குத் திருப்ப முடியாது. செவுத்துக்கு வேற ஸ்கீம் வரணும்."

"பாம்பு அந்த ஸ்கீம் வர்றவரைக்கும் பொறுத்துக்குமா?"

குழுவில் எல்லோரும் சிரித்தார்கள். கேமரா வந்துவிட்டது. வாசலில் ஒன்று, சமையல் கொட்டாய்ப் பக்கம் ஒன்று. அதில் தெரிகிறதெல்லாம் பெரிய டீச்சர் போனில் வரும். அந்தம்மா பொன்னேரியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். "நான் பாடம் நடத்துவேனா, நாள் பூரா இதையே பாத்துக்கினு இருப்பேனா?" என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டார்.

ஊர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. எங்கள் ஏரியில் வலை போடுகிற இடமெல்லாம் முறை வைத்துத்தான். இன்றைக்கு இந்த இடம் இவன் முறை, நாளைக்கு அவன் முறை. அதற்குப் பாடு என்று பெயர். கலியாணமான ஆம்பளைக்குத்தான் பாடு, அதுவும் வலைக்காரத் தெருவுக்கு மட்டும். கையால் தடவுகிற எங்கள் தெருவுக்குக் கிடையாது. கேமராவையும் அதே மாதிரி பாடு வைத்துவிட்டார்கள். முறைக்காரன் போனில் டீச்சர் அதைத் திறந்து கொடுத்துவிட்டால், அன்றைக்கு முழுக்கப் பள்ளிக்கூடம் அவன் காவல். யாருக்கும் பாரம் இல்லை, எல்லோருக்கும் பங்கு உண்டு என்று பெருமையாகப் பேசிக்கொண்டார்கள்.

"எங்க தெருவுல பொம்பளைங்களுக்கும் ஒரு முறை குடுங்க. எங்க புள்ளைங்களும் அங்கதான படிக்குது?" என்றேன்.

"உனக்கும் பாடு வேணுமா ஆயா? போய் வலைய எடுத்துக்கினு வா" என்றான் ஒருத்தன். மறுபடியும் சிரிப்பு.

கொஞ்ச நாளில் முறைக்காரன் எவனாக இருந்தாலும் டீக்கடையில் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தான். காற்று அடித்து ஏரியில் வலை போட முடியாத நாளில் அதுதான் பொழுதுபோக்கு. "தோ பார்றா, உன் பையன் மூக்கைத் தோண்டறான்." "டீச்சர் தூங்குது பாரு." நான் தூக்குச் செம்போடு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இதுதான் காதில் விழும். காவல் காக்கிறவன் எவனும் அப்படிப் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

என் பக்கத்து வீட்டில் ஒருத்தி. என்னோடுதான் தண்ணீரில் இறங்குவாள். புருஷன் இல்லை. ஒரே மகள், ஏழாவது படிக்கிறாள். அந்த மாசம் தாய்க்காரிக்குக் காலில் சிப்பி கிழித்துப் புண்ணாகி, காய்ச்சலோடு படுத்துவிட்டாள். மகள் மத்தியானம் சத்துணவில் போடுகிற முட்டையைத் தின்னாமல் டப்பாவில் வைத்துக்கொண்டு வந்து தாய்க்குக் கொடுத்திருக்கிறாள். முட்டை பிடிக்காத சிநேகிதி ஒருத்தி தன் முட்டையையும் கொடுப்பாளாம். நாலு பேர் பார்க்க வேண்டாம் என்று சமையல் கொட்டாய்க்குப் பின்னால் போய் டப்பாவை மூடியிருக்கிறாள். அங்கேதான் கேமரா.

அன்றைக்குப் பாடு ஒருத்தனுக்கு, அவன் அதைப் படம் எடுத்து ஊர் வாட்ஸப்பில் போட்டுவிட்டான். 'சத்துணவு முட்டை திருட்டு. கேமரா வெச்சது வேஸ்ட் இல்ல' என்று கீழே எழுதி, சிரிக்கிற பொம்மை வேறு. சாயந்திரத்துக்குள் வயசுப் பையன்கள் அவளை "முட்டே, ஏ முட்டே" என்று கூப்பிட்டார்கள். வீட்டுக்குள் போனவள் வெளியே வரவில்லை. காலையில் யூனிபாரம் போடவில்லை. அதற்கு அடுத்த நாள் தாயின் பறியை எடுத்துக்கொண்டு எங்களோடு ஏரிக்கு வந்துவிட்டாள். பன்னிரண்டு வயசுப் பிள்ளை கழுத்தளவு நனைந்துகொண்டு தடவுகிறது. எனக்கு அன்றைக்கு ஓர் இறால்கூடக் கையில் தட்டவில்லை.

பெரிய டீச்சரிடம் போனேன். "அவ முட்டைதாம்மா அது, சமையலம்மாவே சொல்லிட்டாங்க. நான் இன்னா பண்றது, ஊரு விஷயமாயிடுச்சே" என்று கையைப் பிசைந்தார்.

ஊர் விஷயம் என்றால் ஊரிலேயே கேட்கிறேன் என்று கோயில் வாசலில் கூட்டம் நடக்கும்போது போய் நின்றேன். பொம்பளைகள் அங்கே ஓரமாக நிற்கலாம், பேசுகிற வழக்கம் இல்லை. நான் நடுவில் போய் நின்றேன்.

"உங்க பாடு வர்ற அன்னிக்கு வலை போட்டா, வந்த மீனு உங்க வூட்டோட. கடை கடையா காட்டிக்கினு திரிவீங்களா? அந்தப் பொண்ணைக் காவல் காக்கத்தான உங்க கையில குடுத்தோம். அவளை ஏன் ஊரு நடுவுல கொண்டாந்து கொட்டினீங்க? பாடுன்னு வெச்சீங்கல்ல? பாட்டு முறைப்படியே விசாரிங்க."

பெரியவர்கள் தலையைச் சேர்த்துக்கொண்டு பேசி, முறை தவறினது தப்புதான் என்றார்கள். படம் போட்ட அந்த ஆள் கோயிலுக்குத் தெண்டம், அதாவது அபராதம், கட்டணும் என்று தீர்ப்பு. கட்டினான். முறைக்காரன் போனில் கேமராவைத் திறந்து கொடுப்பதையும் நிறுத்திவிட்டார்கள், இனிமேல் டீச்சர் மட்டும் பார்க்கட்டும் என்று. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் பறியைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "தெண்டம் கோயிலுக்குக் கட்டினாரு. எனக்கு இன்னா? நான் திருடலன்னு அதே வாட்ஸப்புல போடச் சொன்னியா ஆயா?"

போய்க் கேட்டேன். அந்த ஆள் எகிறினான். "தெண்டம் கட்டியாச்சு. இன்னும் இன்னா கெளர்றே?" பெரியவர்களும் அவன் பக்கமே பேசினார்கள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. தெண்டம் கட்டி முடிந்த விஷயத்தை யாரும் திரும்ப எடுக்கக் கூடாது. எடுத்தால் எடுத்தவருக்குத் தெண்டம், கட்டாவிட்டால் ஏரியில் இறங்க விடமாட்டார்கள். பங்காளிகள் ஜென்மத்துக்கும் அடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். அதன்படியே விசாரிக்கச் சொன்னவளும் நான்தான். இப்போது அவனும் வாயைத் திறக்க வேண்டியதில்லை, வேறு யாரும் திறக்கக் கூடாது. பையன்கள் மட்டும் "முட்டே" என்றார்கள். அதற்குத் தெண்டம் கிடையாது, விளையாட்டாம்.

"ஸ்கூலுக்குப் போடி" என்று தினம் சொன்னேன்.

"நீ வந்து சொல்லு, எல்லாரும் நிக்கிறப்போ."

"எனக்குத் தெண்டம் போடுவாங்கடி."

"அப்போ வுடு ஆயா" என்றாள். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். அதுதான் என்னைத் தின்றது.

திங்கட்கிழமை காலை நான் தண்ணீருக்குப் போகவில்லை. சலவைப் புடவை கட்டிக்கொண்டு அவளையும் இழுத்துக்கொண்டு போனேன். பிள்ளைகள் பிரேயருக்கு வரிசையில் நின்றார்கள். கொண்டுவந்து விட்ட தாய் தகப்பன்மார் வாசலில். அந்த ஆளும் மகனோடு நின்றான். நான் கொடிக்கம்பத்தண்டை போய்ச் சத்தமாகச் சொன்னேன்:

"அது இவ முட்டை. இவளுக்குப் போட்டது. அம்மா காய்ச்சலா கெடக்கறான்னு தின்னாம எடுத்துக்கினு போனா. இவ திருடல. இதைச் சொன்னதுக்குத் தெண்டம் போடறவங்க போட்டுக்கங்க."

அந்த ஆள் தரையைப் பார்த்தான். ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். பெரிய டீச்சர் வந்து அவள் தோளில் கை வைத்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

தெண்டம் பற்றி இன்னும் சொல்லி அனுப்பவில்லை. வரட்டும். மத்தியானம் போய்ச் சமையலம்மாவைக் கேட்டேன்.

"வகுப்புல உக்காந்துக்கினு இருக்கா. சோறு வாங்கினா" என்றாள்.

"முட்டை?"

"போடப் போனேன், தட்டை இழுத்துக்கினா. வேணான்னுட்டா. கேமரா இருக்கிற பக்கம் முதுகைக் காட்டிக்கினு சோத்தை மட்டும் தின்னா."